இருபத்து மூன்றாம் வளைவில் ஆறு விநாடி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு வெள்ளைக் கார் போகும். பின்னிருக்கையில் ஒரு பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வருவாள். நூறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். வரையாடு பார்க்க வளைவுகளில் வண்டியை நிறுத்தும் சுற்றுலாக்காரர்கள் அவளைக் கவனித்துவிட்டுத் தங்களுக்குள் ஜாடை காட்டிக்கொள்வார்கள். பாவம், நல்ல குடும்பத்துப் பெண் மாதிரி இருக்கிறாள், இப்படி ஆகிவிட்டதே என்று ஒரு அம்மாள் வாய்விட்டே பரிதாபப்பட்டதுண்டு. மோகனப்பிரியா அதைக் கேட்டுக்கொண்டே ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது என்று சொல்லிக்கொண்டு போனாள். எண்ணுவதுதான் அவள் வேலை.

அலைவரி என்ற செல்போன் கம்பெனியில் அவள் பொறியாளர். பொள்ளாச்சி வட்டாரம் முழுக்க அவள் பொறுப்பு. ஓடுகிற வண்டியிலிருந்து பேசுகிறவரின் அழைப்பு ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு ஒழுங்காகக் கைமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். எதற்கு அம்மிணி எண்ணுகிறீர்கள், ஊர்க்கதை ஏதாவது பேசினால் எனக்கும் பொழுது போகுமே என்று டிரைவர் ஆறுச்சாமி ஆரம்ப நாட்களில் கேட்டிருக்கிறார்.

“போன் எப்பவும் ஏதாவது ஒரு டவரோட கையப் புடிச்சுட்டேதானுங்ணா நடக்கும்,” என்றாள் மோகனா. “இந்தக் கைய உட்டுட்டு அடுத்த கையப் புடிக்கற நேரத்துலதான் பேச்சு உழுகும். டேட்டான்னா பரவால்லீங்க. உழுந்தத மறுபடி அனுப்பிக்கலாம், படம் ரெண்டு செகண்ட் சுத்திட்டு வந்துரும். பேச்சு அப்படி நிக்காது. போனாப் போனதுதான்.”

எண்ணினால் எது விழுந்தது என்று அலுவலகத்தில் ஓடும் பதிவுக் கருவியில் உடனே தெரிந்துவிடும். பதிமூன்றுக்குப் பிறகு பதினாறு வந்தால் நடுவில் இரண்டு எண் காணாமல் போயிருக்கிறது. அந்தக் கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் சோதித்தார்கள். வேறு விதமாகச் சோதிக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். முப்பத்தொன்பதை மோகனா எப்படியோ சமாளித்துவிட்டாள். இருபத்து மூன்றாவது மட்டும் அவள் உயிரை வாங்கியது. இறங்கி வரும் வண்டி அதைத் திரும்பியதும் மேல் டவர் பாறைக்குப் பின்னால் மறைந்துவிடும். கீழ் டவர் கிடைக்க ஐந்தாறு விநாடி ஆகும். நடுவில் ஒரு டவர் வைத்தால் தீர்ந்தது. ஆனால் அது யானை நடக்கும் வழி, அங்கே ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டோம் என்று வனத்துறை கையை விரித்துவிட்டது. யானைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் இரண்டு வருஷம் முழித்தாள். அப்போதுதான் சென்னைத் தலைமையகம் ‘பாலம்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது.

பாலம் ஒரு நிரல். டவரிலும் ஓடும், ஒவ்வொரு போனுக்குள்ளும் ஓடும். பேச்சு அறுந்துபோகும் அந்த இடைவெளியில், பேசுகிறவர் அடுத்து என்ன சொல்லக்கூடும் என்று ஊகித்து, அவர் குரலிலேயே, அவர் இழுக்கிற இழுப்போடேயே மறுமுனைக்குச் சொல்லிவிடும். அடுத்த டவர் கிடைத்ததும் நிஜக் குரல் வந்து ஒட்டிக்கொள்ளும். பேசுகிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. ஊகிப்பதற்கு வசதியாக ஒவ்வொருவரின் பழைய அழைப்புகளையும் அது கேட்டுப் படித்து வைத்திருக்கும். புது சிம் வாங்கும்போது படிக்காமலே ஒப்புக்கொள்கிற இருபது பக்கத்தில் பதினெட்டாம் பக்கத்தில் அதற்கான அனுமதி இருந்தது.

முதலில் கால் விநாடிக்குத்தான் பாலத்தை விட்டார்கள். இந்த ஒரு வளைவுக்கு மட்டும் ஆறு விநாடி வேண்டும் என்று விண்ணப்பம் எழுதியவள் மோகனாதான். சோதித்துக் காட்டு என்றார்கள். பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு நானூறு முறை அந்த வளைவில் ஏறி இறங்கி எண்ணினாள். பதிவில் ஒரு எண்கூட விழவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். சென்னையில் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். தலைமைப் பொறியாளர் கோபிநாத் மேடையிலேயே அவளைத் தூக்கி வைத்துப் பேசினார். அந்த நானூறு சோதனையை ஆதாரமாகக் காட்டி மறு வருஷமே மாநிலம் முழுக்க ஆறு விநாடி என்று ஆக்கிவிட்டார்கள். பேச்சு அறுகிறது என்ற புகாரே இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு அவள் வாரம் இரண்டு நாள் மலையேறியது வெறும் சம்பிரதாயம்தான்.

ஒரு திங்கட்கிழமை காகிதத்தில் ஒரு புகார் வந்தது. காகிதத்தில் வருவதை எங்கே பதிவேற்றுவது என்று யாருக்கும் தெரியாததால் நாலு மேசை சுற்றிவிட்டு அவள் மேசைக்கு வந்திருந்தது. வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பவுன்தாய் என்பவள் சொல்லச் சொல்ல, தொழிற்சங்கக் குமாஸ்தா எழுதியது.

எட்டு மாதத்துக்கு முன் அவள் கணவர் செல்லையாவின் இடது கால், எஸ்டேட் ஃபேக்டரியில் இலை உருட்டும் இயந்திரத்தில் மாட்டி நசுங்கிவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. காலை எடுக்க மட்டும் விடாதே, அதற்கு என்னைச் சாகவிடு என்றார். பொள்ளாச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காப்பீட்டு அட்டையையும் மாற்றுத் துணியையும் எடுத்துக்கொண்டு பவுன்தாய் பின்னாலேயே பஸ்ஸில் இறங்கினாள். வழியில் டாக்டரிடமிருந்து போன் வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், நெருங்கிய சொந்தம் ஒருவர் சம்மதம் சொல்ல வேண்டும், இந்தப் பேச்சு பதிவாகிறது என்றார். பதிவான சம்மதம் கையெழுத்துக்குச் சமம் என்று அதற்குள் சட்டம் வந்துவிட்டிருந்தது.

வேண்டாம், நான் வரும்வரைக்கும் தொடாதீர்கள் என்று சொன்னதாகப் பவுன்தாய் சத்தியம் செய்திருந்தாள். பதிவில் அவள் குரலில் இருந்தது ‘சரிங்கய்யா’ என்ற ஒரே சொல். அவள் போய்ச் சேர்ந்தபோது கால் இல்லை. அன்றிலிருந்து செல்லையா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நஷ்டஈடு எதுவும் வேண்டாம், நான் அப்படிச் சொல்லவில்லை என்று யாராவது அவரிடம் வந்து சொன்னால் போதும் என்று கடிதம் முடிந்திருந்தது.

இப்படிப்பட்ட புகாருக்கு ஆயத்தப் பதில் ஒன்று உண்டு. அந்த இடத்தில் தடங்கல் எதுவும் பதிவாகவில்லை, நானூறு முறை சோதிக்கப்பட்டுள்ளது, இப்படிக்கு மோகனப்பிரியா. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பி முடிக்கச் சொல்லி மேலே குறிப்பு எழுதியிருந்தார்கள். அவள் பதிலைத் திறந்து வைத்துக்கொண்டு அனுப்பும் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் டீ குடித்தாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். குற்ற உணர்ச்சி தாங்காமல் அந்த அம்மாள் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு மனதில் ஒட்டவே இல்லை. டவர் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்தாள். அந்தத் தேதியில் பகல் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு இருபத்து மூன்றாம் வளைவில் ஒரே ஒரு அழைப்பு கைமாறியிருந்தது. பாலம் பேசிய நேரம் ஐந்து புள்ளி ஒன்பது விநாடி. எந்தச் சொல் மனிதருடையது, எது பாலத்துடையது என்று மட்டும் எங்கேயும் குறிப்பு இருக்காது. குறித்து வைத்தால் வழக்கு வரும் என்று ஆரம்பத்திலேயே அதை வேண்டாமென்று விட்டிருந்தார்கள்.

மறுநாள் மலையேறும்போது அவளுக்கு எண்ணவே பிடிக்கவில்லை. பத்தாம் வளைவில் வாய் தவறி இருபதுக்குப் பிறகு இருபத்திரண்டு என்று சொல்லிவிட்டாள். நானூறு சோதனையில் ஒரு முறைகூட இப்படித் தவறியதில்லையே என்று முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அதுவே உறுத்த ஆரம்பித்தது. ஒரு முறைகூடத் தவறியதில்லை. பதினேழுக்குப் பிறகு பதினெட்டைத் தவிர வேறு எதையும் அவள் சொன்னதே இல்லை. அடுத்து பதினெட்டு வரும் என்று ஊகிக்க என்ன பெரிய மூளை வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லிவிடும்.

இருபத்தைந்தில் வண்டியைத் திருப்பி மெதுவாக இறங்கச் சொன்னாள். பதினாறு, பதினேழு என்று வழக்கம்போல் எண்ணிக்கொண்டு வந்தவள், இருபத்து மூன்றைத் திரும்பியதும் பூசணிக்காய் என்றாள். எருமைமாடு என்றாள். வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று கத்தினாள். ஆறுச்சாமி பதறிப்போய்த் திரும்பிப் பார்த்ததில் வண்டி ஓரக் கல்லை உரசிக்கொண்டு நின்றது. அங்கேயே பதிவை இறக்கிப் போட்டுக் கேட்டார்கள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்றது அவள் குரல். அதே தொண்டைக் கட்டு, அதே சலிப்பு. பூசணிக்காய் எங்கேயும் இல்லை.

“வேண்டாம்னு நீங்க கத்துனத எங்காதால கேட்டனுங் அம்மிணி,” என்றார் ஆறுச்சாமி. “இதுல பேசறது ஆருங்க?”

 நானூறு சோதனையிலும் அவள் கண்டுபிடித்தது, பாலத்துக்கு எண்ணத் தெரியும் என்பதை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்தின் பேச்சையே அதன் கையில் ஒப்படைத்துவிட்டார்கள், அவள் கையெழுத்தைக் காட்டி. கதவைத் திறந்து இறங்கி, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

வாடிக்கையாளரின் குரல் கோப்பைப் பொறியாளர்கள் திறக்கக் கூடாது. திறந்தது தெரிந்தால் வேலை போய்விடும். புதன்கிழமை காலை மோகனா பவுன்தாயின் எண்ணைப் போட்டுத் திறந்தாள். யாரோடு பேசும்போது என்ன சொல்வாள் என்று வரிசை வரிசையாக இருந்தது. திருப்பூரில் இருக்கும் மகளோடு பேசும்போது அவளிடம் ஆயிரத்துச் சொச்சம் சொற்கள் இருந்தன, அதில் பாதி வசவு. மேஸ்திரி, சூப்பர்வைசர், ரேஷன் கடை, பள்ளிக்கூட ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று அதிகாரத்தோடு பேசுகிற குரல்களை எல்லாம் பாலம் ஒரே வரிசையில் போட்டிருந்தது. அந்த வரிசைக்கு நேராக ஒரே சொல்தான். சரிங்கய்யா, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மீதி மூன்று முறை ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

பாலம் பொய் சொல்லவில்லை. அவளைப் பற்றி அதற்குத் தெரிந்ததைத்தான் சொல்லியிருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக மேலிடத்துக் குரல் ஒன்றிடம் வேண்டாம் என்றிருக்கிறாள், அப்படி ஒரு சொல் அவள் கணக்கிலேயே இல்லை என்று அது தள்ளிவிட்டது. மோகனாவுக்கு அழுகை வந்தது. ஏதோ ஒரு வேகத்தில் தன் எண்ணையும் போட்டுப் பார்த்தாள். கோபிநாத் சாரோடு பேசும்போது: சரிங்க சார், தொண்ணூற்றொன்று. கோப்பை மூடிவிட்டாள்.

அன்றைக்கே கோபிநாத்தைக் கூப்பிட்டு வளைவில் நடந்ததைச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. கோபப்படவும் இல்லை. ஊகம் என்றால் சில நேரம் தப்பத்தான் செய்யும் என்றார். பாலம் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு நாலு லட்சம் அழைப்பு நடுவழியில் அறுந்துபோகும், அதில் எத்தனை பேர் உயிர் இருக்கும் என்று யோசித்தாயா என்று கேட்டார். கால் எடுத்ததால்தானே அந்த மனிதர் இன்று உயிரோடு இருக்கிறார் என்றும் கேட்டார். 

“ஆறு செகண்ட்ல யாரு அப்படி என்ன பெருசா சொல்லிடப் போறாங்க மோகனா?” என்றார் கடைசியில். “வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பதிலை அனுப்பிடு.”

சரிங்க சார் என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இத்தனைக்கும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினாள், நடுவில் எந்தப் பாலமும் இல்லை.  பதிலை அனுப்பவில்லை. ஆனால் அனுப்பமாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை அந்தப் பதிவைப் போனில் எடுத்துக்கொண்டு ஆறுச்சாமியோடு எஸ்டேட்டுக்குப் போனாள். தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீடு. பவுன்தாய் பறிப்பு முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. குள்ளமான, கட்டுமஸ்தான பெண். கம்பெனியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே கட்டிலில் செல்லையா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். யார் வந்தது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மோகனா சுற்றி வளைக்கவில்லை. முதலில் தான் வண்டியில் கத்தியதைச் சொன்னாள். ஆறுச்சாமி வாசலில் நின்றபடி, நான் சாட்சிங்க, இந்த அம்மிணி போட்ட சத்தத்துல வண்டிய இடிச்சே போட்டேன் என்றார். பிறகு பதிவைப் போட்டாள். பதினெட்டு, பத்தொன்பது என்று அவள் குரல் அந்தச் சின்ன அறையில் எண்ணியது. பவுன்தாய் இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.

“அப்ப எனக்குக் கிறுக்குப் புடிக்கல,” என்றாள். “எல்லாரும் சொல்லிச் சொல்லி, நாந்தான் சொல்லிட்டு மறந்துட்டனோன்னு எனக்கே ஆயிருச்சும்மா. சாமி முன்னாடி போயி நிக்கறதையே விட்டுட்டேன்.”

ஏன் சரிங்கய்யா என்ற சொல்லை அது எடுத்தது என்பதையும் மோகனா மறைக்காமல் சொன்னாள். கோப்பில் இருந்த கணக்கைச் சொன்னாள். இதைக் கேட்டால் அவள் ஆத்திரப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். பவுன்தாய் இடுப்புச் சாக்கின் முடிச்சை அவிழ்த்தாள்.

“சரிங்கய்யா சரிங்கய்யான்னு சொல்லித்தாம்மா இங்கன பொழச்சோம். வேற என்னத்தச் சொல்ல? ஒரே ஒரு நாளு வேண்டாம்னேன். அதுவும் போயிச் சேரலியா?”

மோகனா மன்னிப்புக் கேட்டாள். அந்த ஆறு விநாடியைக் கேட்டு வாங்கியது நான்தான், சோதித்ததும் நான்தான், தப்பு என்னுடையது என்றாள். பிறகு கட்டிலைப் பார்த்து, ஐயா, உங்கள் வீட்டம்மா அன்றைக்குச் சரி என்று சொல்லவில்லை, அது எங்கள் மெஷின் சொன்னது என்றாள். வந்த காரியம் அதுதான். சொல்லிவிட்டு, அவர் ஏதாவது பேசுவாரா என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

செல்லையா கையை ஊன்றி மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். மனைவியைப் பார்க்கவில்லை. மோகனாவையே பார்த்தார்.

“அப்ப நான் சொன்னது?” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. பதிவாக வேண்டும் என்று டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டு என் கட்டில் பக்கத்தில்தான் வைத்திருந்தார், நானும் பேசினேனே, அது இவளுக்குப் போகவில்லையா என்று அவர் கேட்டார். பேசிப் பழக்கம் விட்டுப்போனதால் குரல் கரகரத்தது.

மோகனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. சோதனைகளில் மறுமுனையில் இருப்பது ஒரு பதிவுக் கருவி. அது கேட்கும், பேசாது. அங்கிருந்து இந்தப் பக்கம் வரும் பேச்சு என்ன ஆகிறது என்று நானூறில் ஒரு முறைகூட அவர்கள் பார்த்ததில்லை. டவர் கைவிட்ட நேரத்தில் பவுன்தாயின் போனும் தன் பங்குக்கு ஒரு குரலைத் தயாரித்து அவள் காதில் போட்டிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் காதில் என்ன கேட்டது என்று பவுன்தாயிடம் கேட்டாள்.

“டாக்டரு ‘ம்ம், சொல்லுங்கம்மா’ன்னாரு. நானும் சொன்னேன். அப்புறம் ‘சரிம்மா, நீங்க வாங்க’ன்னு வச்சுட்டாரு. நான் சொன்னதுக்குத்தான் சரிங்கிறாருன்னு நெனச்சு நிம்மதியா வந்தேன். வேற யாரு சத்தமும் கேக்கலியே.” அவள் கணவர் பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன சொன்னீக?”

செல்லையா தன் ஒற்றைப் பாதத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“சாகப் பயமா இருக்கு பவுனுன்னேன். காலு போனாப் போவுது, எடுக்கச் சொல்லு, ஒங்கூட இருந்தாப் போதும்னேன்.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “இருவத்தாறு வருசத்துல அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்ல. நீ மேஸ்திரிக்குச் சொல்ற மாதிரி சரிங்கய்யான்னுட்ட. அப்புறம் ஊரக் கூட்டி, சரின்னே சொல்லல, வேண்டாம்னுதான் சொன்னேன்னு சத்தியம் பண்ணுன. நான் அழுததையே இல்லன்னு ஆக்குதாளேன்னு இருந்துச்சு.”

காலுக்காக அவர் ஒரு நாளும் கோபப்படவில்லை. அவருக்காக அவள் தன் பயத்தை விட்டு வேண்டாம் என்றிருக்கிறாள். அவளுக்காக அவர் தன் வீறாப்பை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில், அந்த ஆறு விநாடிக்குள். இரண்டும் போய்ச் சேரவில்லை.

“நீங்களா சொன்னீக?” என்றாள் பவுன்தாய். நம்பமுடியாமல் மறுபடி கேட்டாள். பிறகு அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “பாவி மனுசா, இத வச்சுக்கிட்டா எட்டு மாசமா செவுத்தப் பாத்துப் படுத்திருந்தீக?”

அடித்த கையாலேயே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். அவர் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் அவள் தலையில் வைத்தார். மோகனாவும் ஆறுச்சாமியும் சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டார்கள்.

வெளியே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஆறுச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பப் போனார். மோகனாவால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வரப்பு மாதிரி இருந்த அந்த ஒற்றையடிப் பாதையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். இவர்கள் இருவர் இப்போது பேசிக்கொள்வார்கள். நாலு லட்சம் அழைப்பில் மற்றவர்கள்? எந்த மகன் அப்பாவிடம் என்ன கேட்டான், அப்பா என்ன சொன்னதாக அவனுக்குக் கேட்டது? யார் யாரை மன்னித்தது யாருக்குப் போகாமல் கிடக்கிறது? எல்லோரும் வழக்கமாகச் சொல்வதையே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊர் முழுக்கப் போனை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஓடிப்போய் யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

போன் அடித்தது. கோபிநாத். அந்தப் பதில் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

மோகனா நடப்பதை நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள். ஒரே டவர், முழு சிக்னல். கால் இரண்டையும் அகட்டி, நின்ற இடத்திலேயே ஊன்றி நின்றுகொண்டாள். இந்தத் தடவை தன் வாயிலிருந்து வருவது தன் சொல்லாகவே போய்ச் சேர வேண்டும்.

“அனுப்ப மாட்டேன் சார். என் கையெழுத்தை வாபஸ் வாங்கறேன். பாலத்தை இன்னிக்கே நிறுத்தணும்,” என்றாள்.  ஆறு வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் மறுப்பு அது.

“சரி மோகனா, நல்லது,” என்றார் கோபிநாத், சாவகாசமாக.

 இவ்வளவுதானா, இதற்குத்தானா இவ்வளவு பயந்தோம் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்போது அவர் பக்கத்திலிருந்து ஒரு லாரி ஹாரன் கேட்டது.

“சார், நீங்க எங்க இருக்கீங்க?”

“ஏர்போர்ட் போயிட்டிருக்கேன். இப்பத்தான் சப்வேல இறங்கி ஏறினோம். ஏன், அதான் அனுப்பிடறேன்னு சொல்லிட்டியே. வேற ஏதாவது இருக்கா?”

அனுப்பிடறேன் என்று அவள் சொல்லவே இல்லை.

“இருக்குங்க சார்,” என்றாள். “வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. நான் இன்னொரு தடவை சொல்றேன்.”

அவர் ஏன் என்று கேட்டார்.  அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் அடங்கும்வரை, நின்ற இடத்தை விட்டு அசையாமல் காத்துக்கொண்டிருந்தாள்.